கேபிள் மேல் படுத்த ஆடுகள்

"கார்த்திகை 7, வியாழன். மழை, மூன்றாம் நாள். பகல் 1.02. வோல்ட் 352, ஆம்பியர் 17. மோட்டார் சத்தம் சரி. ஆடுகள் கேபிள் மேல் படுத்திருக்கின்றன."

என் பணிக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. கடைசி வாக்கியத்தை முக்கியம் என்று நினைத்து எழுதவில்லை. தொலைபேசியில் எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வது என் பழக்கம். எழுதினேன், பேனாவை மூடினேன், சாப்பிட உட்கார்ந்தேன். நானே எழுதிய அந்த வாக்கியம் எனக்குப் புரிய இருபத்தாறு நிமிடம் ஆயிற்று.

புதிதாக இந்த மின்பணிக்கு வந்திருக்கும் நீங்கள் கேபிள் அளவு, பிரேக்கர் அளவு, எர்த் எல்லாம் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள். அட்டவணை உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அட்டவணைப்படி எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைத்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தக் கேபிளைத் தேர்வு செய்தவன் நான். கையெழுத்துப் போட்டவனும் நான்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று மழைக்காலம் முன்பு நடந்தது. நான் இருந்த திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் ஓர் ஊர். பெயரை விட்டுவிடுகிறேன். பள்ளமான ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பிடித்தால் சம்பாப் பயிர் மூழ்கும். வடிகாலிலும் தண்ணீர் நிறைந்து நிற்பதால் வயல் தண்ணீர் தானாக வடியாது. வரப்புக்கு மேலே தூக்கி இறைத்து வடிகாலில் விட வேண்டும். டீசல் இன்ஜினோடு மாரடித்து அலுத்துப்போன பதினோரு குடும்பங்கள் சேர்ந்து, சக்கரம் வைத்த வண்டியில் பன்னிரண்டரை குதிரைத்திறன் மின்மோட்டார் ஒன்று வாங்கின. ஊருக்கு நடுவில் மின் இணைப்புள்ள மோட்டார் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கிருந்து எந்த வயலுக்கு வேண்டுமானாலும் கேபிளை இழுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கேபிளையும் காப்புக் கருவிகளையும் தேர்வு செய்ய என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "ஆகக் கடைசி வயல் கொட்டகையிலேருந்து எவ்வளவு தூரம்?" என்பது.

"நூத்திப்பத்து மீட்டர் வருங்க" என்றார் சிங்காரவேலு. பொது மோட்டாருக்கும் கேபிளுக்கும் ஊர் வைத்த பொறுப்பாளர் அவர். அறுபதை நெருங்கிய ஆள். கொட்டகைச் சாவியை அரைஞாணில்தான் முடிந்துவைத்திருப்பார்.

நூற்றுப்பத்து மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். மழைக்காலத்தில் அங்கே வோல்டேஜ் இறங்கும். தூரமும் சேர்ந்தால் மோட்டார் திணறும். அதனால் தேவைக்கு ஓர் அளவு கூட்டி ஆறு சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், நூற்றிருபது மீட்டர், ஒரே துண்டாக. அதற்கு, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்க இருபத்தைந்து ஆம்பியர் பிரேக்கர். தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்காக, கசிவு வந்தால் உடனே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் இ.எல்.சி.பி. தனியாக. மோட்டாரின் ஓவர்லோடு ரிலேயை அதன் தகட்டில் இருந்த அளவுக்கே வைத்தேன். இன்றைக்கு அந்தக் கணக்கை உங்களில் யாரிடம் கொடுத்தாலும் சரி என்றுதான் சொல்வீர்கள். நானும் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். சரிதான்.

கிளம்பும்போது ஊராரைக் கூட்டி மூன்று விஷயம் சொன்னேன். கேபிளை எந்தக் காரணம் கொண்டும் வெட்டாதீர்கள், தண்ணீரில் கிடக்கிற கேபிளுக்கு ஜாயிண்ட் எமன். மிச்சக் கேபிளை வயலில் இழுத்துப்போட்டு டிராக்டர் சக்கரத்துக்கும் மண்வெட்டிக்கும் கொடுக்காதீர்கள், சுருட்டிக் கொட்டகைக்குள் வையுங்கள். சுருளை நனைய விடாதீர்கள்.

மூன்றும் நல்ல யோசனைகள். தனித்தனியாக.

முதல் மழைக்காலத்தில் கடைசி வயல்களுக்கே முறை வந்தது. கேபிள் முழுக்க நீண்டு கிடந்தது. ஒரு குறையும் இல்லை. அந்த ஊரில் யாருக்கு முதலில் மோட்டார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். ஒருவர் முறைக்கு ஒரு பகல். முறை நடக்கும்போது அந்த மோட்டாரை மற்றவர் யாரும் தொட்டு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நிறுத்தியவருக்கு அந்தப் பருவத்தில் முறை கிடையாது. ஆளாளுக்கு நிறுத்தி ஒருவருக்கொருவர் வெட்டுப்பழி குத்துப்பழி ஆன பிறகு போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மழைக்காலத்தில் முதல் சீட்டு மலர்க்கொடிக்கு விழுந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண். கணவர் திருப்பூரில் வேலை. எட்டு மா, ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தனியாகப் பயிர் செய்கிறார். நட்டு இருபத்து நான்கு நாள் ஆன பயிர், மூன்றாம் நாளாகத் தண்ணீருக்குள். இலை நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. அன்றைய பகலில் இறைத்துவிட்டால் பிழைக்கும். இன்னொரு நாள் நின்றால் அழுகும். அடுத்த முறை அவருக்கு வரப் பத்து நாளாகும்.

அவருடைய வயல் கொட்டகையை ஒட்டியே இருந்தது. பதினைந்து மீட்டர்.

மோட்டார் ஓடும் நாளில் மணிக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்து கொட்டகையில் உள்ள பேனலில் தெரியும் எண்களைச் சொல்ல வேண்டும் என்பது நான் வைத்த ஏற்பாடு. பதிவு வேண்டும் எனக்கு. மலர்க்கொடி சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். காலை 9.05க்கு 381 வோல்ட், 15 ஆம்பியர். 10.00க்கு 374. வோல்டேஜ் இறங்க இறங்க ஆம்பியர் ஏறியது; அது இயல்பு. ரிலே அளவைத் தாண்டவில்லை. 1.02க்கு வந்த அழைப்பு இப்படி:

"சார், எழுதிக்குங்க. வோல்டு முந்நூத்தி அம்பத்திரண்டு. ஆம்பியரு பதினேழு. சத்தம் நல்லாதான் இருக்கு."

"தண்ணி இறங்குதாம்மா?"

"விரக்கடை எறங்கியிருக்கு சார். நுனி நல்லாத் தெரியுது. குழா முனையில பாசி வந்து வந்து அடைக்கிது, நான் எறங்கி நின்னு பிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன். இடுப்பு வெறச்சுப் போச்சு."

"கொட்டகைக்குள்ள நனையலையே?"

"நனையல சார். நீங்க சொன்னாப்புல சுருள் மேல வைக்கோலப் போட்டு, அதுக்கு மேல தார்ப்பாயும் போட்டு வச்சிருக்காரு எங்க சித்தப்பா. புள்ளத்தாச்சியப் பாத்துக்கிற மாதிரி பாக்குறாரு. என்ன, இந்த ஆட்டு மூதேவிங்கதான் ஏறிப் படுத்துக்கிச்சு. எறக்கி விட எறக்கி விட மறுபடி ஏறுது. மெத்தை கேக்குது போலருக்கு."

சிரித்தேன். எழுதினேன். வைத்துவிட்டேன்.

அவர் சித்தப்பா என்று சொன்னது சிங்காரவேலுவை. ஒரே தெரு, உறவு முறை.

1.28க்குச் சோற்றில் மோர் ஊற்றும்போது எனக்குத் தோன்றிய கேள்வி மிகச் சாதாரணமானது. கொட்டகையில் வேறு உலர்ந்த இடம் இல்லையா? இருந்தது. கதவருகே பலகை உண்டு, மூலையில் சாக்குகள் உண்டு. வைக்கோல் வேண்டுமென்றால் பக்கத்திலேயே போர். நனைந்து குளிரில் நடுங்குகிற ஆடு, இறக்கிவிட்டாலும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஏறிப் படுக்கிறதென்றால், அந்த இடம் சூடாக இருக்கிறது.

நூற்றைந்து மீட்டர் கேபிள். சுற்றின் மேல் சுற்றாக இறுக்கிய சுருள். மேலே வைக்கோல், அதற்கு மேல் தார்ப்பாய். காலை ஒன்பதிலிருந்து நாலரை மணி நேரமாக அதன் வழியே பதினைந்து, பதினேழு ஆம்பியர். விரித்துப் போட்ட கேபிளில் அது ஒன்றுமே இல்லை. காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். சுருட்டி மூடிய கேபிளில் உள்சுற்றின் சூட்டை வெளிச்சுற்று வாங்குகிறது; வெளிச்சுற்றின் சூடு போக வழியில்லை. அதன் தாங்குதிறன் அட்டவணையில் உள்ளதில் பாதிக்கும் கீழே போய்விடும். இருபத்தைந்து ஆம்பியர் பிரேக்கர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருக்கும். அதற்கு ஆம்பியர் மட்டுமே தெரியும். வைக்கோல் தெரியாது.

தூரம் அதிகமானால்தான் ஆபத்து என்று கணக்குப் போட்டவன் நான். கிட்டத்து வயலுக்கு இறைக்கும்போது மிச்சக் கேபிள் என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. வெட்டாதே, சுருட்டி வை, நனைய விடாதே என்று அந்தச் சூட்டுப் பெட்டியைப் பாகம் பாகமாகச் செய்யச் சொன்னவனும் நானே. அவர்கள் ஒன்று விடாமல் கேட்டிருந்தார்கள்.

மலர்க்கொடிக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. போனைக் கொட்டகையில் வைத்துவிட்டு அவர் தண்ணீரில் நிற்கிறார். இடுப்பளவு தண்ணீரில், மோட்டாரோடு இணைந்த இரும்புக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு.

1.32க்குச் சிங்காரவேலு எடுத்தார். ஊரின் மறு கோடியில் வடிகால் கரை உடைந்ததை அடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு வரப்பு வழியாகப் பத்து நிமிட நடை.

"அண்ணே, உடனே கொட்டகைக்குப் போங்க. முதல்ல மலர்க்கொடியைத் தண்ணியிலேருந்து மேல ஏறச் சொல்லுங்க. அப்புறம் மெயினை நிறுத்துங்க. சுருள்கிட்ட போகாதீங்க. கதவுகிட்ட பலகை மேல நின்னபடியே கைக்கு எட்டும்."

"மெயினையா? ஏன் சார்?"

"கேபிள் சுடுது. உருகலாம்."

"நேத்துதானே சார் நீங்க சொன்னபடி காயவச்சு மூடினேன். புகையுதா என்ன? மலர்க்கொடி ஒண்ணும் சொல்லலியே."

"புகை வந்தபிறகு நிறுத்திப் பிரயோசனமில்ல, அண்ணே."



"சார், கோவிச்சுக்காதீங்க. அவ முறையில நான் மோட்டார நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்? என் வயலும் முங்கிக் கெடக்கு. எனக்கு நாலாவது சீட்டு. அவளோடத நிறுத்திட்டுத் தான் எடுக்கப் பாக்குறான்னு சொல்லுவாங்க. என் முறையும் போயிரும். ரெண்டு வயலும் போயிரும்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க திருத்துறப்பூண்டியில இருக்கீங்க. அதான் கசிவு வந்தா விழுற பெட்டி ஒண்ணு மாட்டி விட்டீங்கல்ல? அது எதுக்கு இருக்கு? விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லுங்க."

இந்த வேலையில் நான் எதிர்கொண்ட மிகக் கடினமான கேள்வி அது. விழும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல பொருள். அந்தப் பருவம் தொடங்கும்போது நானே பொத்தானை அழுத்திச் சோதித்தேன். ஆனால் உருகும் சுருளில் எந்தக் கம்பி எதைத் தொடும், எந்த வரிசையில் தொடும் என்று எனக்குத் தெரியாது. எர்த் கம்பியும் அதே சுருளுக்குள்தான் வெந்துகொண்டிருந்தது. மழையில் காலையில் அந்தப் பெட்டி ஒரு தடவை விழுந்ததாக மலர்க்கொடி சொல்லியிருந்தார். அதன் பிறகு யாராவது அது விழாமல் இருக்கக் கட்டிப்போட்டிருந்தால்? கட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்ப்பீர்கள்.

விழும் என்று சொன்னால் அவர் போக மாட்டார். விழாது என்று சொன்னால் என் வேலையை நானே பொய் என்கிறேன்.

"விழணும். ஆனா அதை நம்பி அவங்கள நான் தண்ணியில நிக்க விடமாட்டேன்" என்றேன்.

இணைப்பு அறுந்திருந்தது. நான் சொன்னதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்தப் பகுதி மின்மாற்றியை நிறுத்தச் சொல்லலாம் என்று லைன்மேனுக்கும் முயன்றேன். மூன்று நாள் மழையில் அவர் எந்தக் கம்பத்தில் இருந்தாரோ, அவரும் கிடைக்கவில்லை. 1.36க்கு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பன்னிரண்டு கிலோமீட்டர். சாதாரண நாளில் இருபது நிமிடம். அன்றைக்கு எட்டாவது கிலோமீட்டரில் மதகுக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஒரு பேருந்து நடுவில் நின்றுபோய், ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடந்தேன். பேருந்து ஜன்னலிலிருந்து ஒருவர், "பெரியவரே, அப்படி என்ன அவசரம், பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். என் சட்டைப் பைக்குள் போன் அடிக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மணி இரண்டு தாண்டியும் அழைப்பு வரவில்லை. 2.00 மணிக்கான எண்களைச் சொல்ல மலர்க்கொடி கூப்பிட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து ஒரு தடவைகூட ஐந்து நிமிடத்துக்கு மேல் அவர் பிந்தியதில்லை.

2.15க்கு ஊர் எல்லையில் ஸ்கூட்டரை நிறுத்தி வரப்பில் இறங்கினேன். அங்கிருந்தே மோட்டார் சத்தம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லை.

அந்த அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்பது ஒன்று. மற்றதை நான் எழுத விரும்பவில்லை. வரப்பில் வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். கொட்டகை தெரிகிற திருப்பத்துக்கு வந்தபோது ஒரு குரல் கேட்டது.

"வாய்க்கு வாய் சித்தப்பான்னு கூப்பிட்டேனே, என் தலையில மண்ணள்ளிப் போட்டீங்களே! நிறுத்துனவரு நிறுத்துனேன்னு சொல்லிட்டுப் போங்க!"

மலர்க்கொடி திட்டிக்கொண்டிருந்தார். அத்தனை கோபமான ஒரு குரலைக் கேட்டு அவ்வளவு நிம்மதி அடைந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் வரப்பு மேல் நின்றார். எதிரே சிங்காரவேலு, மழைக்குத் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியோடு.

நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். கதவருகே பலகையில் ஏறி, பேனலில் பிரேக்கர் கைப்பிடி, இ.எல்.சி.பி., மெயின் மூன்றையும் ஒரே வீச்சில் கீழே தள்ளினேன். பிறகுதான் மூச்சு விட்டேன்.

உள்ளே பிளாஸ்டிக் வெந்த நாற்றம். ஆடுகள் இன்னும் சுருள் மேல்தான் படுத்திருந்தன. பெரிய ஆடு ஒன்று, குட்டிகள் மூன்று. கடைசிக் குட்டி இறங்க மனமில்லாமல் தார்ப்பாயோடு சேர்ந்து இழுபட்டு வந்தது. வைக்கோலின் அடிப்பகுதி தேயிலை நிறத்துக்கு மாறியிருந்தது. அதை விலக்கினேன். வெளிச்சுற்றுகள் மெத்தென்று இருந்தன. உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. கத்தியால் கீறிப் பார்த்தேன். மேலுறைக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நான்கும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தன. ஓரிடத்தில் இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே இருந்தது ஒரு நூல் தடிமன்கூட இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கட்டிய துணியோ குச்சியோ இ.எல்.சி.பி.யில் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மலர்க்கொடி எட்டிப் பார்த்தார். திட்டு நின்றது. தான் நின்ற இடத்தையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் நின்னுக்கிட்டிருந்தப்பவா சார் இது இப்படி வெந்துச்சு?"

"ஆமாம்மா."

அவர் பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"சரி. பழி, பாவமெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம். இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கணும். வழி சொல்லுங்க."

வழி ஒன்றுதான். வயல் பக்கம் கிடந்த நீளமும் சுருளில் ஆக வெளியே இருந்த சில சுற்றுகளும் கெடாமல் இருந்தன. அவற்றை மட்டும் வெட்டி எடுத்துப் பேனலில் நேராகக் கட்டலாம். ஜாயிண்ட் வேண்டாம். நான் வெட்டுக்கருவியை எடுத்ததும் சிங்காரவேலு குறுக்கே வந்து சுருள் மேல் கை வைத்தார்.

"வெட்டக் கூடாதுன்னு ஊரக் கூட்டிச் சொன்னது யாரு சார்? நாளைக்கிக் கடைசி வயக்காரன் வந்து நின்னா நான் எத இழுத்து விடுறது?"

"நான்தான் சொன்னேன். பாதிதான் சொன்னேன், அண்ணே. மீதிய நாளைக்கு ஊர் முன்னால சொல்றேன். கையை எடுங்க."

எடுத்தார். வெட்டினேன். இருபத்திரண்டு மீட்டர் கிடைத்தது. மின்காப்பை அளக்கும் மெகர் வைத்துச் சோதித்தேன். உறையில் பழுதில்லை என்று நிச்சயமான பிறகு பேனலில் கட்டி, வரப்பில் கவைக்குச்சி நட்டு அதன் மேல் நீட்டிவிட்டேன். காற்றில் தொங்கட்டும். 3.48க்கு மோட்டார் ஓடியது. குழாய் முனைக்கு நீண்ட மூங்கில் ஒன்றைக் கொடுத்து, பாசியை வரப்பிலிருந்தே தள்ளச் சொன்னேன். மோட்டார் ஓடும்போது தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, கேபிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்தே இருந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி தொட்டேன். இருட்டுமுன் நிறுத்தியபோது எட்டு மாவில் ஏழு தலை நிமிர்ந்திருந்தது. மேற்கு மூலைப் பள்ளம் ஒரு மா போய்விட்டது. நின்றுபோன அந்த நேரம் ஓடியிருந்தால் அதுவும் பிழைத்திருக்கலாம். மலர்க்கொடி அதைச் சொல்லிக்காட்டவில்லை. நான் கணக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஊர் கூடியது. தவறு கேபிளுடையது அல்ல, சிங்காரவேலுவுடையது அல்ல, என்னுடையது என்று சொன்னேன். கடைசி வயலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேனே தவிர, கிட்டத்து வயலுக்கு இறைக்கும்போது மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை என்றேன். ஒருவர், "அதக் கேட்டிருந்தா சுருட்டி வைப்போம்னு சொல்லியிருப்போம், நீங்களும் சரின்னிருப்பீங்க" என்றார். இருக்கலாம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வாயால் கேட்டால் போதாது. மிச்சத்தை அவர்கள் வைக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். சுருட்டியே ஆக வேண்டுமென்றால், சுருட்டிய நிலைக்கு எவ்வளவு தாங்குமோ அதற்குத்தான் பிரேக்கர் போட வேண்டும். கெட்டதற்குப் பதில் இப்போது அங்கே இரண்டு கேபிள்கள். குட்டை ஒன்று, நெட்டை ஒன்று. கொட்டகைச் சுவரில் சிங்காரவேலு தாரால் எழுதிவைத்திருக்கிறார்: "விரிக்காமல் ஓட்டாதே. மூடாதே. ஓடும்போது தண்ணீரில் இறங்காதே."

இன்னொன்றும் உண்டு. உங்களிடம் தகவல் சொல்கிறவர் நீங்கள் கேட்காத எதையாவது சொன்னால், அதையும் எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, உடனே ஒரு தடவை படியுங்கள். நான் இருபத்தாறு நிமிடம் தாமதித்தேன்.

ஊர்க்கூட்டத்தில் கடைசியாக ஒரு கேள்வி எழுந்தது. மோட்டாரை நிறுத்தியது யார்?

"நான் போறப்பவே நின்னுருந்துச்சு" என்றார் சிங்காரவேலு. மாற்றிச் சொல்லவில்லை. நிறுத்தினேன் என்று சொன்னால் கட்டுப்பாட்டின்படி அவர் முறை போகும். நான்காவது சீட்டு, மூழ்கிய வயல். அவர் நிறுத்தவில்லை என்றே ஊர் எழுதிக்கொண்டது. மலர்க்கொடியைக் கேட்டார்கள். "குனிஞ்சு பாசி எடுத்துக்கிட்டிருந்தேன். சத்தம் நின்னுச்சு. நிமிந்து பாத்தா சித்தப்பா வரப்புல. வர்றாரா, போறாரான்னு அந்த மழையில எனக்குத் தெரியல. திரும்பப் போடலாம்னு உள்ள போகப் பாத்தேன், கேபிளுகிட்ட போகாதேன்னு மறிச்சுட்டாரு" என்றார். தண்ணீரிலிருந்து ஏறச் சொல்லி யாராவது குரல் கொடுத்தார்களா என்று நான் கேட்டேன். யோசித்துவிட்டு, "கொடுத்திருந்தாலும் மோட்டாரு சத்தத்துல கேட்டிருக்காது சார்" என்றார்.

மின்சாரமே போயிருக்குமா? இல்லை. அதே மின்மாற்றியில் ஓடிய பக்கத்து ஊர்க் குடிநீர் மோட்டார் நிற்கவே இல்லை என்று அதை இயக்குபவர் சொன்னார். பிரேக்கரை, இ.எல்.சி.பி.யை, ரிலேயை மூன்றையும் கழற்றிச் சோதித்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. அவற்றில் ஒன்று தானாக விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் அதன் கைப்பிடி நின்ற நிலையே சொல்லியிருக்கும். ஆனால் நான் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கீழே தள்ளிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் நிமிடக் கணக்கில் எழுதியவன், அந்த ஒரு நொடியைப் பதிவு செய்யவில்லை. வருத்தப்படவும் முடியவில்லை. இன்னொரு தடவை அந்தக் கதவில் நின்றாலும் முதலில் தள்ளத்தான் செய்வேன்.

தானாக விழுந்திருந்தால், நான் தேர்ந்தெடுத்த பொருள் தன் வேலையைச் செய்தது. சிங்காரவேலு நிறுத்தியிருந்தால், தன் வயலையும் பெயரையும் பணயம் வைத்து ஒரு மனிதர் ஓடிவந்து என் தவறைத் திருத்தினார்; நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக்குரிய பருவம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது சொன்னால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. போன கார்த்திகையில் அந்தப் பக்கம் போனபோது தனியாகக் கேட்டேன். கொட்டகைப் பூட்டைத் திறந்துகொண்டே சிரித்தார்.

"ஆட்டத்தான் சார் கேக்கணும். அதுங்கதான் உள்ள இருந்துச்சு."

என் குறிப்பேட்டில் கார்த்திகை 7க்கான பக்கத்தில் 1.32க்கும் 2.15க்கும் இடையே மூன்று வரி வெறுமையாக இருக்கிறது. மோட்டார் நின்ற நேரமும் நின்ற விதமும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.